நெஞ்சு ஏறி இறங்கும்போது

ஏ3 வீதியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து தலையில் அடிபடும் பிள்ளைகளின் செய்தி நமக்குப் புதிதல்ல. மாரவில என்றாலும் முந்தல் என்றாலும் கதை ஒன்றுதான். பக்கத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, அங்கிருந்து அம்புலன்ஸில் ராகமைக்கோ கொழும்புக்கோ அனுப்புவார்கள். அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உறவெல்லாம் கூடி நிற்கும். சில வேளை வைத்தியர் வெளியே வந்து, மூளைச்சாவு என்பார். அதற்குப் பிறகு வரும் சில மணி நேரத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

2008 செப்டெம்பரில் தமிழ்நாட்டுத் திருக்கழுக்குன்றத்தில் இப்படித்தான் ஒரு பிள்ளை விழுந்தான். ஹிதேந்திரன். 15 வயது. சென்னையில் மூளைச்சாவு என்று முடிவானதும், தாய் புஷ்பாஞ்சலியும் தகப்பன் அசோகனும் மகனின் உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதித்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு அந்த இதயத்தைக் கொண்டுபோக பொலிஸார் வீதியை மறித்து வழி விட்டார்கள். சென்னை நெரிசலில் முக்கால் மணி நேரமாவது பிடிக்கும் ஓட்டம் 11 நிமிடத்தில் முடிந்தது. பெங்களூரைச் சேர்ந்த 9 வயதுச் சிறுமியின் நெஞ்சில் அது துடித்தது. மூளைச்சாவடைந்தோரின் உறுப்புகளைப் பெற்றுப் பொருத்தும் திட்டத்தைத் தமிழக அரசு அதே ஆண்டு தொடங்கியது. உறுப்புக் கொடுப்பவர்களின் இறுதிச் சடங்கு அரச மரியாதையோடு நடக்கும் என்று 2023 இல் முதலமைச்சர் அறிவித்தார்.

பலரும் இந்தக் கதையில் அந்த 11 நிமிடத்தைச் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: தாயும் தகப்பனும் வைத்தியர்கள். மூளை முற்றாக நின்றுவிட்டால் மீளாது என்பதும், இயந்திரம் மூச்சை ஊதும்வரை நெஞ்சு ஏறி இறங்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அது பெற்ற வயிறு எரியும் முடிவு. ஒன்றும் தெரியாத கற்பிட்டிக் கடற்றொழிலாளி என்ன செய்வார்? தொட்டுப் பார்ப்பார், கை சூடாக இருக்கும். "பிள்ளைக்கு உயிர் இருக்கு, அறுக்க விடமாட்டன்" என்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

நமது நாடு கொடுக்கத் தெரியாத நாடு அல்ல. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961 இல் கண்தானச் சங்கத்தைத் தொடங்கினார். 1964 முதல் இலங்கையின் கண்கள் கடல் கடந்து போகின்றன. பாகிஸ்தானில் மட்டும் எத்தனையோ ஆயிரம் பேர் அவற்றால் பார்க்கிறார்கள். ஆனால் கண்ணை இதயம் நின்ற பிறகும் எடுக்கலாம். அழுது முடித்து, மனம் தேறி, சம்மதம் சொல்ல இடம் உண்டு. இதயமும் ஈரலும் அப்படி அல்ல. இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே மரணத்தை ஏற்க வேண்டும். எடுத்த இதயத்தை ஏறத்தாழ 4 மணி நேரத்துக்குள் பொருத்தவும் வேண்டும். நம் நாட்டில் சட்டம் 1987 இலிருந்து இருக்கிறது. கண்டியில் 2017 இல் இதயமே மாற்றினார்கள். கை தேர்ந்த வைத்தியர்கள் இருக்கிறார்கள்.

மதம் தடுக்கிறது என்பாரும் உண்டு. ஜித்தாவில் 1988 இல் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி நிபந்தனைகளோடு உறுப்பு மாற்றத்தை அனுமதித்தது. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 2000 இல் ரோமில் அதை அன்பின் செயல் என்று போற்றினார். கண்ணையே பெயர்த்து அப்பிய கண்ணப்பரின் கதையை உடப்பில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜனாஸா தாமதமாகுமே என்ற கவலை நியாயமானது. அதற்கு வைத்தியசாலைதான் நேரம் குறித்துப் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கொருவர் இத்தாலியில் என்பதால் வென்னப்புவவைச் சின்ன இத்தாலி என்கிறோம். அந்த இத்தாலிக்கு 1994 இல் சுற்றுலா வந்த அமெரிக்கக் குடும்பத்தின் காரைக் கொள்ளையர் சுட்டார்கள். 7 வயது நிக்கலஸ் கிரீன் மெசினாவில் இறந்தான். பெற்றோர் கோபத்தில் ஊர் திரும்பவில்லை. அவனது உறுப்புகளையும் கண்களையும் 7 இத்தாலியருக்குக் கொடுத்தார்கள். அடுத்த பத்தாண்டில் அந்நாட்டில் உறுப்புக் கொடுப்போர் ஏறத்தாழ மூன்று மடங்கானார்கள்.

அதிதீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் தமிழ்த் தாயிடம் தமிழில், அவசரமில்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து விளக்க ஒருவர் வேண்டும். மூச்சு ஊதும் இயந்திரம் எது, பிள்ளையின் மூச்சு எது என்று அவர் காட்டிச் சொல்ல வேண்டும். அரைகுறைச் சிங்களத்தில் புரிந்துகொள்ளும் விஷயம் அல்ல இது. சுகாதார அமைச்சு இதைச் செய்யட்டும். பள்ளிவாசலிலும் கோவிலிலும் தேவாலயத்திலும் பெரியவர்கள் இப்போதே பேசத் தொடங்கட்டும். நீங்களும் இன்றிரவு சோறு உண்ணும்போது, உங்கள் விருப்பம் என்ன என்று வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.