கூடத்துக்கு எதற்கு ஆறு பெட்டி?

"சார், 5.1 இல்லாம இன்னைக்கு யார் வீட்ல படம் பாக்கறாங்க?" என்று கேட்ட கடைப் பையனிடம் நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்: "தம்பி, என் வீட்டு ஹால் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?" கேட்கவில்லை. நாற்பத்தையாயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுக்குமாடி ஹால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்களுடையது பத்துக்குப் பதினெட்டு. டிவிக்கு ஒரு பக்கம் பால்கனியின் கண்ணாடிக் கதவு. மறுபக்கம் சுவரே கிடையாது. சாப்பாட்டு மேசை, அதைத் தாண்டி சமையலறை. சோபா பின்சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. ஓர் அடி முன்னால் இழுத்தால் படுக்கையறைக்குப் போகும் வழி அடைபடும். மூலையில் பூஜை அலமாரி.

பொருத்த வந்தவர் அரை மணியில் வேலையை முடித்தார். பின் ஸ்பீக்கர் ஒன்று படுக்கையறை நிலைக்கு மேலே. இன்னொன்றுக்குச் சுவர் இல்லாததால் ஃபிரிட்ஜின் தலையில். வூஃபர் பூஜை அலமாரிக்கு அடியில். நடு ஸ்பீக்கருக்கு இடமில்லை என்று, டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் செட்டாப் பாக்ஸுக்குப் பின்னால் திணித்துவிட்டார்.

அன்று ராத்திரி முதல் சண்டைக் காட்சியிலேயே குத்துவிளக்கு கிடுகிடுத்தது. கீழ் வீட்டுக்காரர் மேலே வந்தார். அதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம். ஆனால் இந்தச் செலவை நான் செய்ததே என் மனைவிக்காக. மூன்று வருடமாக அவளுக்குக் காது மந்தம். டிவியில் பேசுவது புரியவில்லை என்பதால்தான் ஸ்பீக்கரே வாங்கினேன். ஹெலிகாப்டர் என்னவோ ஃபிரிட்ஜுக்கு மேல் பிரமாதமாகப் பறந்தது. வசனம் மட்டும் விளங்கவில்லை. "என்ன சொன்னான்? என்ன சொன்னான்?" என்று பத்து நாள் கேட்டாள். பதினோராம் நாள், "நீங்க பாருங்க" என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து தனியாகப் படம் பார்த்தவன் இல்லை நான்.

அதனால் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

5.1 என்பது ஒரு கணக்கு. முன் ஸ்பீக்கர்கள் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 30 டிகிரியில் இருக்க வேண்டும். பின் ஸ்பீக்கர்கள் காதுக்குச் சற்றுப் பின்னால், 100 முதல் 120 டிகிரிக்குள். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பவனுக்கு ஏது பின்பக்கம்? கேட்டால், "ஆட்டோ செட்டப் எல்லாத்தையும் பாத்துக்கும் சார்" என்கிறார்கள். அது மைக் வைத்து ஒலியின் அளவையும் தாமதத்தையும் சரிசெய்யும், வாஸ்தவம். இல்லாத சுவரைக் கட்டித் தருமா?

வசனத்தில் பெரும்பகுதி வருவது அந்த நடு ஸ்பீக்கரில். முதல் மரியாதை தர வேண்டிய பெட்டியைக் கீழ்த்தட்டில் ஒளித்துவைப்பதை என்னவென்று சொல்வது! வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண்களை. ச, த போன்ற எழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. அது மங்கினால் பேச்சு கேட்கும், புரியாது. சத்தத்தைக் கூட்டினாலோ வழவழ டைல்ஸும் கண்ணாடியும் எதிரொலித்து மிச்சத்தையும் கெடுக்கும். போதாததற்கு நாங்கள் பார்ப்பதில் முக்கால்வாசி அறுபதுகளின் படங்கள். ஒற்றை ஒலித்தடத்தில் பதிவானவை. அவற்றுக்கு ஃபிரிட்ஜ் மேல் என்ன வேலை?

பின் ஸ்பீக்கர் இரண்டையும் கழற்றினேன். ரிசீவர் மெனுவிலும் 'இல்லை' என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அவற்றுக்கான ஒலி காணாமலே போய்விடும். நடு ஸ்பீக்கரை மேல்தட்டின் விளிம்புக்குக் கொண்டுவந்து, அடியில் சீட்டுக்கட்டை முட்டுக்கொடுத்து, சோபாவில் இருப்பவர் காதைப் பார்க்குமாறு நிமிர்த்தினேன். அதன் அளவை மட்டும் 3 டெசிபல் ஏற்றினேன். மூலையில் அடித்தொனி பெருகி 'பொம்' என்று முழங்கும் என்பதால் வூஃபரை வெளியே இழுத்தேன். பரணில் கிடந்த பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்து டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே விரித்தேன். பால்கனிக்குக் கனத்த திரைச்சீலை. புதிதாகச் செலவு அது ஒன்றுதான்.

"என்னப்பா, 5.1 வாங்கி 3.1 ஆக்கிட்டீங்களே!" என்று மகன் போனில் சிரித்தான். சிரிக்கட்டும். தனி அறை கட்டிப் படம் பார்க்கிறவர்கள் பன்னிரண்டு பெட்டி கூட வைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

போன ஞாயிறு படம் முடியும்வரை அவள் எழுந்து போகவில்லை. இரண்டு தடவைதான் "என்ன சொன்னான்?" என்றாள். அதில் ஒன்று எனக்கும் புரியவில்லை.

பின் ஸ்பீக்கர்கள் இரண்டும் பரணில், ஜமக்காளம் இருந்த இடத்தில் கிடக்கின்றன. வேண்டுமென்கிறவர்கள் வந்து எடுத்துப் போகலாம். வருமுன் உங்கள் ஹாலை ஒருமுறை அளந்துவிட்டு வாருங்கள்.