மருந்துக் கரைசலும் அளவுக் கணக்கும்

பயிர் நோய்களுக்கும் பூச்சிகளுக்கும் மருந்து தெளிக்கும் வழக்கம் திருவண்ணாமலையைச் சுற்றிய செங்கம், போளூர், கலசபாக்கம் முதலிய பகுதிகளில் சிறு குடியானவர் வரையில் பரவியிருக்கிறது. மருந்து வாங்கத் தயங்குவோர் சிலரே. அளந்து கலப்போரும் சிலரே. பல இடங்களில் புட்டியின் மூடியே அளவுகோலாக விளங்குகிறது. மூடிகளோ ஒரே அளவுடையன அல்ல. இவ்வழக்கம் ஒழிய வேண்டும்.

மருந்து மிஞ்சினால் இலை கருகும். தெளிப்பவனுடைய தேகத்திற்கும் தீங்கு உண்டாகும். குறைந்தாலோ பூச்சிகளில் வலியவை பிழைத்து, மருந்துக்கு அஞ்சாத சந்ததியைப் பெருக்கும். இரண்டிலும் பணம் விரயமே.

கணக்கு கடினமானதன்று. வேண்டிய கரைசலின் கொள்ளளவை வேண்டிய சதவீதத்தால் பெருக்கி, கையிலுள்ள கரைசலின் சதவீதத்தால் வகுத்தால், எடுக்க வேண்டிய அளவு கிடைக்கும். உதாரணமாக, 1 கிலோ மயில்துத்தத்தைக் கரைத்து மொத்தம் 10 லிட்டராக்கினால் அது 10 சதவீதக் கரைசல். அதிலிருந்து 1 சதவீதக் கரைசல் 15 லிட்டர் வேண்டுமாயின், 15-ஐ 1-ஆல் பெருக்கி 10-ஆல் வகுக்க, 1.5 லிட்டர் வரும். அத்துடன் சேர்க்க வேண்டிய ஜலம் 13.5 லிட்டரே. 15 லிட்டர் ஜலத்தையும் ஊற்றினால் கரைசல் 16.5 லிட்டராகி வீரியம் குறையும். பலரும் தவறுவது இவ்விடத்தில்தான்.

கலக்கும் முறையும் முக்கியமானது. பிரான்ஸ் தேசத்துப் பேராசிரியர் மில்லார்தே 1885-ஆம் ஆண்டில் வெளியிட்ட போர்டோக் கலவையே இதற்குத் தக்க சான்று. 1 சதவீதக் கலவைக்கு மயில்துத்தம் 1 கிலோ, புதிய சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, ஜலம் 100 லிட்டர். முற்காலத்தில் 5 ராத்தல், 5 ராத்தல், 50 காலன் என்று கூறியதும் இதே விகிதந்தான். ஒரு காலன் ஜலம் 10 ராத்தல் நிறையுடையது. இரண்டையும் தனித்தனியே 50 லிட்டரில் கரைத்த பின்னரே, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்க வேண்டும். கெட்டியான நிலையில் சேர்த்துவிட்டுப் பிறகு ஜலம் விட்டால், வண்டல் பெரிதாகத் திரண்டு படிந்து தெளிப்பானை அடைக்கும். தீட்டிய கத்தியைக் கலவையில் அமிழ்த்தும்போது செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அறியலாம். மண், மரம், பிளாஸ்டிக் பாத்திரங்களே இதற்கு ஏற்றவை, இரும்பு ஆகாது.

ஏக்கர் கணக்கில் குறிக்கப்பட்ட மருந்துகளுக்கு வேறு முறை உண்டு. ஏக்கருக்கு 200 மில்லி மருந்தும் 200 லிட்டர் ஜலமும் என்றிருந்தால், 10 லிட்டர் கைத்தெளிப்பானுக்கு 20 தொட்டிகள். தொட்டிக்கு 10 மில்லி. விசைத்தெளிப்பானுக்கு ஜலம் குறைவாகவே செல்லும். ஆயினும் ஏக்கருக்குரிய மருந்தின் அளவு மாறாது. ஹெக்டேர் அளவைக் கண்டு அதையே ஏக்கருக்கு இடுவோர் ஏறக்குறைய இரண்டரை மடங்கு மருந்தைக் கொட்டுகின்றனர்.

கணக்கெல்லாம் படித்தவர்க்கே என்று கூறுவோர் உண்டு. விதைக்கும் கூலிக்கும் வட்டிக்கும் மனக்கணக்காகவே விடை கூறும் விவசாயிக்கு இது அரிதன்று. ஒவ்வொரு கூட்டுறவுச் சங்கத்திலும் அளவுக் குவளையும், தராசும், தொட்டிவாரியான அட்டவணைப் பலகையும் இருக்குமாறு கிராம அலுவலர்கள் முயல வேண்டும். நிலமுடையோர் மருந்தை அளந்து கலப்பதைக் கூலியாளிடம் விட்டுவிடலாகாது. அளவு தவறினால் பயிருக்கு முன்னே அதன் கொடுமையை அனுபவிப்பவன் அவனே.