ஒரு கோழி, மூன்று வேளை: அம்மாவின் பங்கு எங்கே?



சம்பளம் போட்ட வாரம் நம் வீடுகளுக்கும் ஒரு முழுக்கோழி வரத்தான் செய்கிறது. ஈப்போ போய் வருபவர் காகிதத்தில் சுற்றிச் சூடான உப்பில் புதைத்து வேகவைத்த கோழியோடு வருவார். தஞ்சோங் ரம்புத்தானிலேயே இருப்பவர் பசார் மாலாமில் வாட்டிய கோழி ஒன்றை வாங்குவார். அன்று ராத்திரியே சட்டி காலி! மறுநாள் முதல் ரசமும் ஊறுகாயும்தான். "ஒரு நாளாவது பிள்ளைங்க வயிறாரத் தின்னட்டுமே" என்பீர்கள். அந்த ஆசையில் குற்றமில்லை. ஆனால் உடம்பின் கணக்கு வேறு.

பருப்பிலும் கீரையிலும் இரும்புச்சத்து உண்டு. ஆனால் அதை நம் உடம்பு லேசில் உறிஞ்சிக்கொள்வதில்லை. கூடவே கொஞ்சம் இறைச்சியோ மீனோ இருந்தால் கூடுதலாக ஏறும். எலுமிச்சை பிழிந்தால் இன்னும் நல்லது. ஆகவே ஒரே ராத்திரி கோழியைத் தின்று தீர்ப்பதைவிட, மூன்று வேளை பருப்பு, கீரையோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதே லாபம். இது ஏழ்மைக்கு அடையாளம் அல்ல, புத்திசாலித்தனம்.

செய்முறை எளிது. வாங்கி வந்ததும் கறியை மூன்று பங்காகப் பிரித்துவிடுங்கள். முதல் பங்கு அன்றைக்குச் சோற்றோடும் கீரையோடும். இரண்டாவதைப் பிய்த்து, உருளைக்கிழங்கோ முட்டைக்கோசோ போட்டுப் பிரட்டல். மூன்றாம் வேளைக்கு எலும்பை இஞ்சி, பூண்டு, மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டு, அந்தச் சாற்றில் பருப்பும் முருங்கைக்கீரையும் வேகவைத்து, மிச்சக் கறியையும் சேருங்கள். உப்புக்கோழி எலும்பு என்றால் ருசி பார்த்த பிறகே உப்பு!

ஓர் எச்சரிக்கை. நம் ஊர் வெக்கையில் சமைத்த கோழியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. பிரித்த பங்குகளை உடனே ஐஸ் பெட்டியில் வையுங்கள். மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். அந்தந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிடுங்கள். ஐஸ் பெட்டி இல்லாத வீட்டில் பாதிக் கோழி வாங்குவதே மேல்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கோழியைப் பங்கு போடும்போது தொடை அப்பாவுக்கு, நெஞ்சுக்கறி பிள்ளைகளுக்கு. அம்மாவுக்கு? கழுத்தும் சாறும்! "சத்தெல்லாம் சாத்துலதானே இருக்கு" என்று அவரே சொல்லிக்கொள்வார். இது தவறு. 100 கிராம் வெந்த கறியில் 25 கிராமுக்குக் குறையாத புரதம் இருக்கிறது. ஒரு குவளை சாற்றில் சில கிராம்தான். 2019-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்துக்கு மூன்று பேருக்கு இரத்தச் சோகை இருப்பது தெரியவந்தது. விடியலில் எழுந்து சமைத்துவிட்டு வேலைக்கும் போகிறவள் களைத்து விழுந்தால் அது சோம்பலா? கோழியை மூன்று வேளைக்கு நீட்டலாம்; அம்மாவின் பசியை நீட்டக் கூடாது. தொடைக்கறியில் நெஞ்சுக்கறியைவிட இரும்புச்சத்து அதிகம். அதில் ஒரு துண்டை முதலில் அவர் தட்டில் வையுங்கள். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பதையும் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். இரும்புச்சத்து ஏறுவதை அது தடுக்கிறது. களைப்பும் தலைச்சுற்றலும் விடாமல் இருந்தால் அரசாங்கக் கிளினிக்கில் இரத்தம் சோதித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. 2023 நவம்பர் முதல் தேதியோடு கோழிக்கு இருந்த விலைக் கட்டுப்பாடும் உதவித்தொகையும் நீங்கின. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளிக்கு உயர்ந்தது. அதை வைத்துக் குடும்பம் நடத்துகிறவருக்குச் சிக்கனம் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் தாய்மார்கள் அதில் பட்டம் வாங்கியவர்கள்! ஆனால் "இவங்க எப்படியும் சமாளிச்சுக்குவாங்க" என்று நம் சிக்கனத்தைக் காட்டி யாரும் கூலியைக் குறைக்க இடம் தரக் கூடாது. அடுப்படியில் சரியான பங்கு, சம்பளத்திலும் சரியான பங்கு. இரண்டையும் கேட்போம்!