திரும்பப் பிடிக்க முடியுமா? விலங்குகளில் மரபணு மாற்றம் பற்றி எங்கள் நிலைப்பாடு

தொழுவத்து மாட்டின் மரபணுவைத் திருத்துவதையும் காட்டுயிரின் மரபணுவைத் திருத்துவதையும் ஒரே விதியால் அளக்கக் கூடாது. பிழை நேர்ந்தால் அந்த உயிரைத் திரும்பப் பிடிக்க முடியுமா என்பதே எங்கள் அமைப்பு வைக்கும் அளவுகோல்.

அமெரிக்காவில் கொம்பு முளைக்காதபடி காளைகளை உருவாக்கினார்கள். வேண்டாதது எதுவும் உள்ளே ஒட்டவில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். 2019-இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் மரபணு வரிசையை மீண்டும் அலசியபோது, பாக்டீரியாவின் டி.என்.ஏ. துண்டும், அதோடு ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுக்களும் தங்கியிருந்தது தெரிந்தது. சிறிய பிழையல்ல. ஆனாலும் எந்தக் காளை, எந்தக் கன்று என்று விரல்விட்டு எண்ண முடிந்தது.

கொசுவை யார் எண்ணுவது? சாதாரண மரபணு வாரிசுகளில் பாதிக்குத்தான் போய்ச்சேரும். 'ஜீன் டிரைவ்' என்னும் முறையில் திருத்திய மரபணு ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் போய்ச்சேரும். 2018-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வில், கூண்டிலிருந்த, மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுக் கூட்டம் இந்த முறையால் 7 முதல் 11 தலைமுறைக்குள் அழிந்தது. மலேரியாவால் ஆப்பிரிக்கக் குழந்தைகள் லட்சக்கணக்கில் சாகும்போது இந்த ஆய்வை நிறுத்தச் சொல்ல எங்களுக்கு மனமில்லை, நியாயமுமில்லை. கூண்டுக்குள் தொடரட்டும். கூண்டைத் திறப்பதாக இருந்தால், அந்தக் கொசு பறக்கும் நாடுகள் அனைத்தும் சம்மதிக்க வேண்டும்.

உண்மையான சிக்கல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஜெல்லிமீன், பவளம் இவற்றின் மரபணுவால் ஒளிரும் ஜீப்ரா மீன்கள் 'குளோஃபிஷ்' என்ற பெயரில் தொட்டிக்காக விற்கப்படுபவை. வீட்டுப் பிராணி என்றே எல்லோரும் எண்ணினார்கள். பிரேசிலில் பண்ணைகளிலிருந்து தப்பியவை ஓடைகளில் இனப்பெருக்கம் செய்வதை 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே அது அயல் மீன். இந்திய ஓடைகளிலோ அதன் சொந்தக்காரர்களே நீந்துகிறார்கள். தப்பினால் கலப்புக்குத் தடையே இல்லை. சென்னைக் கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்போருக்கு மழைவெள்ளம் வந்தால் தொட்டி மீன் எங்கே போகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே, இந்தியாவின் 1989 விதிகளின்கீழ் இயங்கும் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவிடம் நாங்கள் கேட்பது: 'வளர்ப்பு விலங்கு' என்ற பெயரைப் பார்த்துச் சலுகை தர வேண்டாம். ஆடு, மாடு, கோழிக்கு, உருவாக்கியவர் அல்லாத வேறொரு ஆய்வகம் முழு மரபணு வரிசையையும் சரிபார்க்கட்டும். ஒவ்வொரு குட்டியும் கன்றும் பதிவேட்டில் ஏறட்டும். மீனையும் பூச்சியையும், தொட்டியில் இருந்தாலும், காட்டுயிர்க் கணக்கிலேயே வையுங்கள்.