அயல்நாட்டில் பிள்ளைக்கு எந்தப் பள்ளி?

வளைகுடா நாட்டில் பிழைப்புத் தேடிச் சென்ற ஒருவரேனும் இல்லாத தெருவை நம் பங்குகளில் இன்று காண்பது அரிது. முன்னாளில் குடும்பத் தலைவர் மட்டுமே கடல் கடந்தார். மனைவி மக்கள் ஊரில் இருந்தனர். பிள்ளைகள் ஊர்ப் பள்ளியிலேயே பயின்றனர். இன்றோ குடும்பமே உடன் செல்கிறது. அதனால், நம் முன்னோர் அறியாத ஒரு கேள்வி இன்றைய பெற்றோரின் முன் நிற்கிறது: அயல்நாட்டில் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

துபாயில் எட்டு ஆண்டுகளாகப் பணிபுரியும் ஒரு தந்தை இது பற்றி நமக்கு எழுதியிருக்கிறார். அவர் மகள் அங்குள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். அண்மையில் தந்தைக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அதனோடு பிள்ளையின் படிப்புக்கென ஒரு தொகையும் தர நிறுவனம் முன்வந்துள்ளது. உடன் பணிபுரிவோரின் பிள்ளைகள் பெரிய சர்வதேசப் பள்ளிகளில் பயில்கின்றனர். தம் மகளையும் அங்குச் சேர்த்துவிட வேண்டுமென்பது அவர் ஆவல். தாயோ தயங்குகிறார். முடிவு கூறுமாறு நம்மைக் கேட்டிருக்கிறார்கள். நான்கு பக்கக் கடிதம் அது. கட்டணம் உண்டு, பள்ளியின் நீச்சல் குளம் உண்டு, உறவினர் கருத்தும் உண்டு. மகள் என்ன சொல்கிறாள் என்பது மட்டும் அதில் எவ்விடத்தும் இல்லை. இக்குறையைப் பற்றி முடிவில் பேசுவோம்.

முதலில், 'சர்வதேசம்' என்னும் சொல்லைக் கண்டு மயங்காதிருப்போமாக. 1924ஆம் ஆண்டு ஜெனீவாவில் ஒரு சர்வதேசப் பள்ளி தோன்றியது. சர்வதேச சங்கத்திலும் சர்வதேசத் தொழில் அமைப்பிலும் பணியாற்ற வந்தோரின் பிள்ளைகளுக்காக அது அமைக்கப்பட்டது. நாடு விட்டு நாடு மாறும் குடும்பத்தின் பிள்ளை, எந்நாட்டுப் பல்கலைக்கழகமும் ஏற்கும் சான்றிதழைப் பெறவேண்டும் என்ற தேவையிலிருந்து, 1968இல் அதே நகரில் இன்டர்நேஷனல் பேக்கலோரியட் என்னும் அமைப்பு பிறந்தது. சுருக்கமாக அதனை ஐ.பி. என்பர். ஆகவே இப்பள்ளிகள் செல்வத்தின் சின்னமாகத் தோன்றியவை அல்ல. அலைந்து திரியும் குடும்பங்களின் தேவைக்காகத் தோன்றியவை. பெயர்ப்பலகையில் அச்சொல்லை எழுதிக்கொள்வது எளிது. அதன் பின்னே எந்தப் பாடத்திட்டம், எந்தத் தேர்வு, எந்தச் சான்றிதழ் உள்ளன என்பதே நாம் கேட்கவேண்டியது. ஐ.பி. நடத்த முழு அனுமதி பெற்ற பள்ளி வேறு; அனுமதிக்காக விண்ணப்பித்துக் காத்திருக்கும் பள்ளி வேறு. இதனையும் கேட்டறிதல் நலம்.

துபாயில் வாழும் நம்மவர் முன் பெரும்பாலும் மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, சி.பி.எஸ்.இ. என்னும் இந்திய நடுவண் வாரியத்தின் பாடத்திட்டம். இரண்டாவது, பிரிட்டிஷ் முறை. இதில் பதினாறு வயதளவில் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வும், பதினெட்டு வயதளவில் ஏ லெவல் தேர்வும் எழுதுவர். 1988இல் முதன்முறையாகத் தேர்வு நடந்த ஐ.ஜி.சி.எஸ்.இ., பிரிட்டனுக்கு வெளியே உள்ள மாணவரையும் கருதி வகுக்கப்பட்டதாகும். மூன்றாவது, மேற்சொன்ன ஐ.பி. அதன் இறுதி ஈராண்டுப் படிப்பில் ஆறு பாடங்கள் உள. பாடத்திற்கு ஏழு புள்ளிகள் வீதம் நாற்பத்திரண்டு. நாலாயிரம் சொற்களுக்கு மிகாத ஆய்வுக் கட்டுரைக்கும் அறிவுக் கோட்பாடு என்னும் பாடத்திற்கும் சேர்த்து மூன்று. ஆக மொத்தம் 45 புள்ளிகள். தேர்ச்சிக்குக் குறைந்தது 24 புள்ளிகள் வேண்டும். இவையன்றிக் கலை, உடற்பயிற்சி, தொண்டு ஆகியவற்றில் ஈடுபட்டமைக்கும் சான்று காட்டவேண்டும்.

இம்மூன்றில் உயர்ந்தது எது என்று வினவுவோர் பலர். அவ்வினாவே பிழையானது என்பது நம் கருத்து. ஊருக்குப் போகும் வண்டியில் ஏறும் முன் நாம் கேட்பது இருக்கை மெத்தென்றிருக்கிறதா என்பதையன்று. வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்பதையே. பள்ளிக்கும் அப்படித்தான். நுழைவாயிலின் அழகைப் பார்ப்பதற்கு முன், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் நம் பிள்ளை எந்த வாயில் வழியே வெளியேறி எங்குச் செல்லப் போகிறது என்பதைப் பார்க்கவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். பிள்ளை இந்தியாவில் மருத்துவம் பயில விரும்புகிறது என்று கொள்வோம். நீட் தேர்வு எழுதவேண்டும். அதற்கு மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றும், அவற்றோடு ஆங்கிலமும் பயின்றிருத்தல் வேண்டும். ஐ.பி.யின் வழக்கமான அமைப்பிலோ இரண்டு அறிவியல் பாடங்களுக்கே இடமுண்டு. மூன்றும் வேண்டுமெனில், பல்கலைக்கழகத் தேவையை எடுத்துக் காட்டிப் பள்ளியின் வழியாகத் தனி அனுமதி பெறவேண்டும். இதனைப் பதினொன்றாம் வகுப்பில் கால் வைக்கும் முன்னரே அறிந்திராத குடும்பம், இரண்டு ஆண்டுகள் கழித்துக் கண்ணீர் விட நேரும். ஏ லெவலில் அம்மூன்றையும் எடுக்கலாம். ஆயினும் ஆங்கிலத்தை மறக்கலாகாது. மேலும் நீட் தேர்வின் வினாக்கள் நம் நாட்டுப் பாடநூல்களைத் தழுவியவை. வேறு முறையில் பயின்றவர் அவற்றைத் தனியே கற்கவேண்டும். இந்தியாவுக்கு வெளியே அத்தேர்வுக்கான மையங்கள் 2021இல் முதன்முறையாகக் குவைத்திலும் துபாயிலும் அமைக்கப்பட்டன என்பது ஓர் ஆறுதல்.

பொறியியலை நாடும் பிள்ளைக்கும் எச்சரிக்கை வேண்டும். ஐ.பி.யில் கணிதம் இரு பிரிவுகளாக உள்ளது. ஒன்று பகுப்பாய்வை முதன்மையாகக் கொண்டது. மற்றது பயன்பாட்டை முதன்மையாகக் கொண்டது. எளிதென்று எண்ணி ஒன்றைத் தேர்ந்தபின், விரும்பிய கல்லூரி மற்றொன்றையே கேட்கிறது என்றறிந்தால் யாரை நோவது? பாடங்களைத் தேர்வதற்கு முன்பே, சேர விரும்பும் கல்லூரிகளின் நிபந்தனைகளை எடுத்துப் படித்துவிட வேண்டும். இந்தியாவில் சேர்வதாயின், அயல்நாட்டுச் சான்றிதழ் நம் மேல்நிலைத் தேர்வுக்கு இணையானதெனக் காட்டும் சான்றும் தேவைப்படலாம். தேர்வு முடிவுகள் வெளிவரும் காலமும் கருதத்தக்கது. மே மாதம் ஐ.பி. தேர்வு எழுதுவோர்க்கு ஜூலைத் தொடக்கத்திலும், ஏ லெவல் எழுதுவோர்க்கு ஆகஸ்டிலும் முடிவு வரும். நம் ஊரில் கல்லூரிச் சேர்க்கை அதுவரை காத்திருப்பதில்லை.

இவ்வாறு கூறுவதால் சர்வதேசப் பாடத்திட்டங்களைக் குறைத்துரைப்பதாக எவரும் எண்ணற்க. பிரிட்டனிலோ, கனடாவிலோ, ஆஸ்திரேலியாவிலோ பயில உறுதி கொண்ட பிள்ளைக்கு அவை நேரிய பாதை. தானே நூல்களைத் தேடிப் படித்து, வினா எழுப்பி, தன் கருத்தை எழுதும் பழக்கத்தை அவை வளர்க்கின்றன. மனப்பாடத்தில் வாடும் சில பிள்ளைகள் அங்குச் சென்றபின் தளிர்ப்பதுண்டு. பாதை நல்லதுதான், நம் பிள்ளை போகும் ஊருக்கு அது செல்கிறதா என்பதே கேள்வி.

இனி, கடிதம் எழுதிய தந்தைக்குரிய தனிச் செய்தியைக் கூறுவோம். பள்ளிப் படிப்பிலும் கரும்பில் உள்ளது போலக் கணுக்கள் உண்டு. வெட்டுவதாயின் கணுவறிந்து வெட்டவேண்டும். வளைகுடாவில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்குகின்றன. பிரிட்டிஷ் பள்ளிகளும் ஐ.பி. பள்ளிகளும் பெரும்பாலும் ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பரிலோ தொடங்குகின்றன. நம் ஒன்பதாம் வகுப்பு அவர்கள் கணக்கில் பத்தாம் ஆண்டு. ஐ.ஜி.சி.எஸ்.இ. படிப்போ பத்தாம் ஆண்டும் பதினோராம் ஆண்டும் சேர்ந்த ஈராண்டுப் படிப்பாகும். ஆகவே ஒன்பதாம் வகுப்பை முடித்துவிட்டு இப்பெண் அங்குச் சென்றால், பாதி முடிந்த படிப்பின் நடுவே நுழைவாள். அல்லது ஓராண்டு பின்தங்கி மீண்டும் தொடங்குவாள். பத்தாம் வகுப்புத் தேர்வை இப்போதுள்ள பள்ளியிலேயே எழுதி முடித்தால், அடுத்த ஈராண்டுப் படிப்பு எல்லா முறைகளிலும் புதிதாகத் தொடங்குகிறது. அதுவே கணு. ஏ லெவலோ, ஐ.பி.யோ, இந்தியப் பாடத்திட்டமோ, எதனை மேற்கொள்வதாயினும் அவ்வேளையே தக்க வேளை. மறுபுறம், வெளியிலிருந்து நேரே பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ நுழைவதற்கு சி.பி.எஸ்.இ. வாரியம் கடுமையான கட்டுப்பாடு விதித்துள்ளது. கணு தவறி வெளியேறியவர் நினைத்தபோது திரும்ப இயலாது.

பணத்தைப் பற்றியும் ஒளிவின்றிப் பேசுவோம். பள்ளி கூறும் ஆண்டுக் கட்டணம் செலவின் ஒரு பகுதியே. பேருந்து, சீருடை, நூல்கள், கணினி, தேர்வுக் கட்டணம், சுற்றுலா எனப் பல அதனோடு சேரும். நிறுவனம் தரும் தொகை முழுக் கட்டணத்தையும் ஈடு செய்யுமா, ஒரு வரம்போடு நிற்குமா, பள்ளிக்கே செலுத்தப்படுமா, நாம் செலுத்தியபின் திரும்பக் கிடைக்குமா, பணி மாறினால் என்ன ஆகும் என்பவற்றை எழுத்தில் பெறவேண்டும். கைநீட்டி வாங்கிய கடனால் கட்டிய கட்டணம், பிள்ளையின் புத்தகப் பையில் கல்லாகக் கனக்கும்.

2020ஆம் ஆண்டை நாம் மறந்துவிடவில்லை. கொள்ளை நோய்க் காலத்தில் வளைகுடாவிலிருந்து வேலையிழந்து திரும்பிய குடும்பங்கள் எத்தனை! அவ்வாறு வந்த ஒரு குடும்பத்தை நாம் அறிவோம். அவர்கள் மகன் ஐ.பி.யின் முதலாண்டில் பயின்றுகொண்டிருந்தான். ஊரில் அப்பாடத்திட்டம் உள்ள பள்ளி இல்லை. பெருநகரில் சேர்க்கப் பணமும் இல்லை. பதினொன்றாம் வகுப்பை அவன் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினான். தன்னைவிட ஓராண்டு இளையோரோடு அமர்ந்து படித்தான். இன்று நன்றாகவே இருக்கிறான். ஆயினும் அந்த ஆண்டில் அவன் வீட்டில் எவரோடும் பேசவில்லை என்று அவன் தாய் சொன்னபோது, நாம் விடை கூற இயலாது நின்றோம். வளைகுடாவில் பெரும்பாலோர் தங்கும் உரிமை வேலையோடு கட்டப்பட்டது. ஆதலால் எந்தப் பள்ளியைத் தேர்ந்தாலும், இடையிலே ஊர் திரும்ப நேரின் என் செய்வோம் என்பதற்கு ஒரு விடையை வைத்துக்கொண்டு தேர்வதே அறிவுடைமை. மதிப்பெண் பட்டியல்களையும் மாற்றுச் சான்றிதழ்களையும் ஒழுங்காகப் பேணுதலும் அதில் அடங்கும்.

பள்ளியின் தரத்தை அறியச் செவிவழிச் செய்தியை நம்பவேண்டியதில்லை. துபாயில் தனியார் பள்ளிகளை அறிவு மற்றும் மனித வளர்ச்சி ஆணையம் கண்காணிக்கிறது. 2008 முதல் நிகழ்ந்த ஆய்வுகளின் அறிக்கைகளை அது பொதுமக்களுக்கு வெளியிட்டுள்ளது. மிகச் சிறப்பு என்பது முதல் மிகக் குறைபாடு என்பது வரை ஆறு நிலைகளாகப் பள்ளிகள் மதிப்பிடப்பட்டன. பள்ளிகள் தம் விருப்பம்போல் கட்டணத்தை உயர்த்தவும் இயலாது. ஆணையத்தின் அனுமதி வேண்டும். அறிக்கையைப் படித்தபின், பள்ளி நாளொன்றில் நேரிலும் சென்று காண்க. ஆசிரியர்கள் எத்தனை ஆண்டுகள் அங்கே நிலைத்திருக்கிறார்கள்? சென்ற ஆண்டு முடித்த மாணவர் எங்கெங்குச் சேர்ந்தனர்? படிப்பில் பின்தங்குவோர்க்கு என்ன உதவி உண்டு? இம்மூன்று வினாக்களுக்கும் தயக்கமின்றி விடை கூறும் பள்ளியை நம்பலாம்.

தமிழைப் பற்றி ஒரு சொல். அந்நாட்டுத் தனியார் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு வரை அரபு மொழி கட்டாயம். அதனைச் சுமையென்று கருதாது செல்வமென்று கொள்வோம். தமிழைப் பாடமாக எடுக்க இயலுமா என்பது பள்ளிக்குப் பள்ளி வேறுபடும்; கேட்டறிக. இயலாதெனின், அப்பொறுப்பு வீட்டினுடையது. பாட்டிக்குத் தன் கையால் ஒரு கடிதம் எழுதத் தெரியாத பிள்ளை, எத்தனை புள்ளிகள் பெற்றாலும் ஓர் இழப்போடுதான் வளர்கிறது.

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட குறைக்கு வருவோம். அன்பார்ந்த பெற்றோரே, மகளுக்குப் பதினான்கு வயது முடிந்துவிட்டது. எட்டு ஆண்டுகளாக ஒரே பள்ளியில் அவள் கட்டிய நட்பு, அவள் நம்பும் ஆசிரியை, அவள் அஞ்சும் பாடம், அவள் மறைத்து வைத்திருக்கும் கனவு ஆகிய இவை எல்லாம் உங்கள் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதப்பட்டுள்ளன? முடிவை அவளிடமே விட்டுவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. பொறுப்பு உங்களுடையதே. ஆயினும் வழக்கைக் கேளாமல் தீர்ப்பு எழுதலாகாது. ஒரு மாலைப்பொழுது, தொலைபேசிகளை ஒதுக்கிவிட்டு, மூவரும் அமருங்கள். நீ என்னவாக விரும்புகிறாய் என்று கேட்பதற்கு முன், இப்போதைய பள்ளியில் உனக்கு எது பிடிக்கும், எது பிடிக்கவில்லை என்று கேளுங்கள். விடை உடனே வாராது. காத்திருங்கள்.

பத்தாம் வகுப்பை இப்போதுள்ள பள்ளியிலேயே முடிக்கட்டும் என்பது நாம் தரும் விடை. இடையில் கிடைக்கும் ஓராண்டு, நீங்கள் மூவரும் சேர்ந்து வெளிவாயிலைத் தேடிக் கண்டறியப் போதுமானது. அதன்பின் எந்தப் பள்ளியைத் தேர்ந்தாலும், அங்கு அவள் பிறர் இழுத்துச் சென்ற பிள்ளையாக நுழையாமல், தான் போகும் வழி அறிந்த பிள்ளையாக நுழைவாள்.