முறை சொல்லாத சொல்

'கசின்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் 'ஒன்றுவிட்ட சகோதரன்' என்று பொருள் போட்டிருப்பதைப் பார்க்கும்போது, மாமன் மகளை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்கத் தோன்றுகிறது. சித்தப்பா, பெரியம்மா பிள்ளைகளுக்கு அந்தப் பொருள் பொருந்தும். அத்தை, மாமன் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. அவர்கள் நமக்கு மணமுறை உள்ளவர்கள். ஆங்கிலச் சொல்லோ ஆணா பெண்ணா, மூத்தவரா இளையவரா, தாய்வழியா தந்தைவழியா எதையும் சொல்வதில்லை. அதனால்தான் நம்மவர்கள் 'கசின் பிரதர்' என்கிறார்கள். ஆசிரியர் அதைப் பிழையென்று சிவப்பு மையால் சுழிக்கிறார். இங்கிலாந்து வழக்கின்படி அவர் செய்வது சரிதான். ஆனால் மாணவன் உளறவில்லை, தன் மொழி கட்டாயமாகக் கேட்கும் விவரத்தைத் தேடுகிறான். ஆங்கிலேயருக்கு இந்த நுட்பமெல்லாம் தேவைப்படவில்லை என்பார்கள். இன்று இல்லைதான். ஆனால் அந்தச் சொல்லின் மூலமான லத்தீன் 'கான்சோப்ரினஸ்' முதலில் தாயின் சகோதரி பிள்ளையை மட்டுமே குறித்தது. 'அங்கிள்' பிறந்த 'அவுன்குலுஸ்' அசல் தாய்மாமன். 'ஆன்ட்' பிறந்த 'அமிதா' அத்தை. (பக்கத்து வீட்டுக்காரரை 'அங்கிள்' என்று கூப்பிடும் பிள்ளைகளுக்கு இது தெரியாமலிருப்பதே நல்லது!) ஆகவே கற்பவருக்கு ஒற்றைச் சொல்லில் பொருள் தருவதைவிட, 'பெற்றோருடன் பிறந்தவர்களின் பிள்ளை, ஆணோ பெண்ணோ' என்று விரித்துச் சொல்லிவிடலாம். வரி கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.