வக்கத்தவன் வாத்தியாராம்ல!

"வக்கத்தவன் வாத்தியார், போக்கத்தவன் போலீஸ்"னு ஒரு சொலவடை உண்டு. போலீஸை இன்னொரு நாள் பாத்துக்கலாம். இன்னிக்கு முதல் பாதியோட மட்டும்தான் சண்டை.

நம்ம பொட்டி தட்டுற உலகத்துலயே பாருங்க. நல்லா கோடு எழுதுற ஒருத்தன் டிரெய்னிங் பக்கம் போனா, "பாவம், பெஞ்ச்ல இருந்திருப்பான்"னு உச்சுக் கொட்டுவோம். இசையிலும் இதே கதைதான். மேடையில வாசிச்சா கலைஞர், கிளாஸ் எடுக்கப் போனா 'சரக்கு தீர்ந்துபோச்சு', கண்டக்டரா குச்சி பிடிச்சா (பஸ் கண்டக்டர் இல்லீங்க) 'மூச்சு தீர்ந்துபோச்சு'. சுத்தப் பேத்தல். என் பக்கத்துக்கு சாட்சி, சாக்ஸபோன்.

நம்மாளுங்களுக்கு சாக்ஸபோன்னா கத்ரி கோபால்நாத்தும் 'டூயட்' (1994) படமும்தான். நான் பேசுறது மேற்கத்திய கிளாசிக்கல் சாக்ஸபோன் பத்தி. அடால்ஃப் சாக்ஸ் 1846ல பிரான்ஸ்ல காப்புரிமை வாங்கின கருவி. சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுல வயலினுக்கும் ஓபோவுக்கும் நிரந்தர நாற்காலி உண்டு, இதுக்குக் கிடையாது. பிஸேயோட 'லார்லேசியன்' (1872), ராவெலோட 'பொலேரோ' (1928) மாதிரி ஏதாவது வாசிக்கிறப்ப மட்டும் ஆள் கூப்பிடுவாங்க. வாசிச்சுட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

பாரிஸ் கன்சர்வேடரியில சாக்ஸே 1857லேர்ந்து ராணுவ இசைக்காரங்களுக்குக் கத்துக்கொடுத்தார். 1870ல அந்த வகுப்பை மூடிட்டாங்க. திரும்பத் திறந்தது 1942ல. நடுவுல 72 வருஷம்! அத்தனை வருஷமும் அந்தப் பெரிய கல்லூரியில இந்தக் கருவிக்கு வாத்தியாரே இல்ல.

1942ல வந்தவர் மார்செல் மூல். பள்ளிக்கூட வாத்தியார் வேலைக்குப் படிச்சவர், ராணுவ பேண்டு வழியா மேல வந்தவர். நாலு சாக்ஸபோன் சேர்ந்த குவார்டெட் அமைச்சார், கிளாசுனோவ் 1932ல அதுக்காகவே எழுதினார். 1968 வரைக்கும் பாடம் எடுத்தார். வக்கத்துப் போய் எடுத்தாரா? 1958ல பாஸ்டன் சிம்பொனியோட அமெரிக்காவுல சோலோ வாசிச்சவருங்க!

அவர்கிட்ட படிச்சவர் ஜான்-மாரி லொந்தேக்ஸ். முதல்ல தீஜோன், 1971லேர்ந்து போர்தோ, ரெண்டு ஊர் கன்சர்வேடரியிலும் வாத்தியார். சாக்ஸபோனுக்கு எழுதின இசை எங்கெங்க கிடக்குதுன்னு தேடிச் சேர்த்து 1971ல பட்டியல் நூலா போட்டார். 1970ல ரஷ்ய இசையமைப்பாளர் தெனிசோவ் இவருக்காக எழுதின சொனாட்டா, இன்னிக்கு சாக்ஸபோன் மாணவர்கள் மிரளுற பாடம். 1977ல போர்தோவுல சாக்ஸபோன் குழு ஒண்ணு ஆரம்பிச்சு, தானே கண்டக்டரா நின்னார். ஆர்கெஸ்ட்ரா நாற்காலி தரலைன்னா, நாற்காலிகளை நாமே போட்டுக்குவோம்ங்கிற வேலை அது. பட்டியல், புது இசை, குழு, மாணவர்கள்னு இவ்வளவும் செஞ்சவரை 'வாசிப்பை விட்டுட்டு செட்டில் ஆயிட்டார்'னு சொல்ல வாய் வருமா?

"வாத்தியார் வாத்தியாரை உருவாக்குறான், அவன் இன்னொரு வாத்தியாரை. இது செயின் மார்க்கெட்டிங் இல்லையா?"னு ஒருத்தர் கேட்பார். நியாயமான கேள்வி. படிச்சு வர்ற எல்லாருக்கும் மேடை கிடைக்காது, நிஜம்தான். தன்னையே நகலெடுத்துத் தள்ளுற வாத்தியாரா இருந்தா நானும் உங்க கட்சி. ஆனா புது இசை எழுதவச்சு, புதுக் குழு கட்டி, மாணவனுக்கு வாசிக்க ஏதாவது இருக்கிற மாதிரி செஞ்சவரையும் அதே கணக்குல சேர்க்காதீங்க. குறை சொல்லணும்னா நாற்காலி தராத ஆர்கெஸ்ட்ராவைச் சொல்லுங்க.

இந்த நக்கலுக்கு விலை ஒண்ணு இருக்கு. கத்துக்கொடுக்கத் தெரிஞ்ச கெட்டிக்காரன், பேருக்குப் பயந்தே அந்தப் பக்கம் போகமாட்டான். அப்புறம் நாமளே "நல்ல வாத்தியாரே இல்லப்பா"னு புலம்புவோம். நம்ம இஞ்சினியரிங் காலேஜ் கதை எல்லாருக்கும் தெரியுமே :-)

வாசிக்கிறவர் இருந்தா ஒரு சாயங்காலம் இனிக்கும். வாத்தியார் இல்லைன்னா என்ன ஆகும்னு அந்த 72 வருஷத்தைக் கேளுங்க. மறுக்கிறவங்க பின்னூட்டத்துல வந்து தாராளமா கும்முங்க, சொலவடையை மட்டும் வெளிய விட்டுட்டு வாங்க.